ஒருத்தி முழித்திருக்கும் வீடு

தூக்கம் வரவில்லை என்று ஆஸ்பத்திரிக்குப் போன முதல் ஆள் எங்கள் ஊரில் நான்தான். காய்ச்சலுக்குப் போவார்கள், சர்க்கரைக்குப் போவார்கள், நாய்க்கடிக்குப் போவார்கள். தூக்கத்துக்கு ஒருத்தி போனாள் என்றால் சிரிக்கத்தானே செய்வார்கள். சிரித்தார்கள். என் மாமியார் முனியம்மாள் அதோடு நிற்கவில்லை. "பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாதும்பாங்க. ஒடம்பு வணங்கி வேலை செஞ்சா கட்டாந்தரையிலயும் தூக்கம் வரும்" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம், எனக்குக் கேட்கும்படி சொன்னார். அன்று காலையில்தான் கேப்பைக் கொல்லையில் களை எடுத்துவிட்டு வந்து முதுகை நிமிர்த்த முடியாமல் நின்றிருந்தேன். இதற்குமேல் எப்படி வணங்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

உண்மையில் நான் தூக்கத்துக்காகப் போகவில்லை, பிரஷர் மாத்திரைக்குப் போனேன். எங்கள் ஊர் திண்டிவனத்திலிருந்து செஞ்சி போகும் ரோட்டில் உள்ளே தள்ளி இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையம் மெயின் ரோட்டு ஓரம். அங்கே நர்ஸ் சகாய பிரியா கையில் பட்டையைச் சுற்றி அழுத்திப் பார்த்தாள். பார்த்ததை நம்பாமல் இன்னொரு கையிலும் பார்த்தாள். பிறகு டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனாள்.

"இளவரசி அம்மா, மாத்திரை ஒழுங்கா போடறீங்களா?" என்றார் டாக்டரம்மா.

"போடறேம்மா."

"அப்புறம் ஏன் பிரஷர் எறங்கல? நைட்ல தூங்கறீங்களா?"

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து என்னிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கிறார்கள், சமைத்தாயா என்று நிறையக் கேட்டிருக்கிறார்கள். தூங்கினாயா என்று ஒருத்தர் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. வருஷக்கணக்காக ராத்திரியில் கண் மூடுவதே இல்லை, மூடினாலும் கோழித்தூக்கம்தான் என்று சொன்னேன். என் அக்கா ரோஜாவைப் பற்றியும் சொன்னேன். அவளுக்கும் இதே பிரஷர், இதே தூக்கமில்லாத ராத்திரி. ஒரு நாள் காலையில் வாய் கோணி, வலது கை விழுந்து, மயிலத்தில் மகள் வீட்டில் கிடையாய்க் கிடந்து செத்தாள்.

டாக்டரம்மா சின்னப் பெண்தான், ஆனால் மழுப்பத் தெரியாத பெண். "நீங்க தூங்கலன்னா இது எறங்காது. உங்க அக்காவுக்கு வந்தது உங்களுக்கும் வரலாம்" என்றார். தூக்க மாத்திரை கேட்டேன். பழகிவிடும் என்று தரவில்லை. போனிலேயே ஒரு வைத்தியம் வந்திருக்கிறது, மருந்தும் இல்லை ஊசியும் இல்லை, பழக்கத்தை மாற்றினால் தூக்கம் தானாக வரும் என்றார்.

என் மகன் மணிமாறன் புதுப் போன் வாங்கியபோது எனக்குத் தள்ளிவிட்ட பழைய போன் ஒன்று இருந்தது. அதில் சகாய பிரியா அந்த வைத்தியத்தை ஏற்றிக் கொடுத்தாள். தினம் ஒரு சின்ன வீடியோ. தினமும் காலையில் சில கேள்விகள். வாரம் ஒரு தடவை விழுப்புரத்திலிருந்து பிரபாவதி என்று ஒரு மேடம் போன் பண்ணி, எப்படிப் போகிறது என்று கேட்பார். அவ்வளவுதான். நம்பிக்கை வரவில்லை, ஆனாலும் அக்காவின் கோணிய வாய் கண் முன்னால் நின்றது.

வீடியோவில் ஒரு பெண் மெத்தைக் கட்டிலில் படுத்திருந்தாள். பக்கத்தில் குடை போட்ட விளக்கு. தூக்கம் வராவிட்டால் படுக்கையிலேயே புரளாதீர்கள், எழுந்து அடுத்த அறைக்குப் போய் உட்காருங்கள் என்றது குரல். எங்கள் வீட்டில் இருப்பது ஒரு ஹால், ஒரு ஃபேன். அதன் கீழே அத்தை, என் வீட்டுக்காரர் குமரேசன், மணிமாறன், கடைசியில் காற்று எட்டாத ஓரத்தில் நான். அடுத்த அறை என்றால் அடுப்படி. அடுப்படியில் போய் உட்காருங்கள் என்று எனக்குப் போன் சொல்லித் தரவேண்டியதில்லை.

ஆனால் மற்றது எல்லாம் நியாயமாக இருந்தது. பகலில் தூங்கக் கூடாது. ராத்திரி பதினொன்றுக்கு முன்னால் படுக்கக் கூடாது. எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுந்துவிட வேண்டும். படுக்கும் நேரத்தைக் குறைத்தால் தூக்கம் கெட்டிப்படும், கெட்டிப்பட்ட பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொள்ளலாம் என்றார்கள். காதில் மாட்டும் ஒயர் என்னிடம் இல்லாததால் எல்லாவற்றையும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் கேட்டேன். வீடே கேட்டது. அங்கேதான் வந்தது வினை.

எங்கள் வீட்டில் யாருக்கும் எந்தப் பாடமும் மண்டையில் ஏறியதில்லை. இந்தப் பாடம் மட்டும் ஒரே நாளில் ஏறிவிட்டது.

"பதினோரு மணி வரிக்கும் படுக்கக் கூடாதுன்னு டாக்டரே சொல்லிட்டாங்க" என்றார் என் வீட்டுக்காரர். "சும்மா குந்திக்கினு இருக்கறதுக்கு இந்த மல்லாட்டைய ஒடைச்சி வெச்சிடு. வெதைக்கு ஆவும்."

கார்த்திகை முழுக்க விதைக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைத்தேன். கட்டைவிரல் நகக்கண் வெடித்தது. முன்பெல்லாம் சாப்பிட்டு முடித்ததும் சற்று நேரமாவது காலை நீட்டுவேன். இப்போது காலை நீட்டினால் வைத்தியம் கெட்டுவிடும் என்று மூன்று பேர் கவலைப்பட்டார்கள். மத்தியானத்தில் சுவரில் சாய்ந்தால் அத்தை விடமாட்டார். "ஏய் இளவரசி, கண்ண மூடாத. பகல்ல தூங்கனா அந்தப் பொம்பள இன்னா சொல்லிச்சி? எழுந்து அந்தத் துணிய மடி" என்பார். எந்த நர்ஸும் இவ்வளவு அக்கறையாகப் பார்த்துக்கொள்ளமாட்டாள்.

இவ்வளவுக்கும் நடுவில் அந்த வைத்தியம் பலித்தது. பொய் சொல்லக் கூடாது, பலித்தது. மல்லாட்டை உடைத்துவிட்டுப் பாயில் சாய்ந்தால், சாய்ந்ததுதான் தெரியும். அது அடைமழைக் காலம், ராத்திரியில் போய்க் கொல்லைக்குத் தண்ணீர் மோட்டார் போடும் வேலை இல்லை. மணிமாறனுக்கும் கம்பெனியில் பகல் ஷிப்டு. சர்க்கரை உள்ள அத்தை மட்டும் ராத்திரியில் ஒன்றுக்குப் போக எழுப்புவார். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டு வந்து படுத்தால், விட்ட இடத்திலிருந்து தூக்கம் தொடர்ந்தது. ஒரு நாள் அலாரம் அடித்துத்தான் விழித்தேன். அலாரம் அடித்து விழிப்பது எவ்வளவு பெரிய சுகம் என்பது அதை வருஷக்கணக்காக இழந்தவளுக்குத்தான் தெரியும். அன்று முகம் கழுவும்போது எனக்கே என் முகம் பிடித்திருந்தது. பிரபாவதி மேடம் போனிலேயே கைதட்டினார். சகாய பிரியா பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அக்கா, எறங்கியிருக்கு!" என்று டாக்டரம்மாவிடம் ஓடினாள். அந்த மாதத்தில் நான் அக்காவை நினைக்கவே இல்லை.

தை பிறந்தது. மழை விட்டது, மல்லாட்டை முளைத்துத் தண்ணீர் கேட்டது. எங்கள் பக்கம் மோட்டாருக்கான த்ரீ பேஸ் கரெண்டு ஒரு வாரம் பகலில் வந்தால் ஒரு வாரம் ராத்திரியில் வரும். வரும் நேரத்தில் போய் மோட்டாரைப் போடாவிட்டால் கொல்லை காய வேண்டியதுதான். மணிமாறனுக்கும் ஷிப்டு மாறியது. கம்பெனி பஸ் திண்டிவனத்தில் இறக்கிவிட, பைக் எடுத்துக்கொண்டு நடுச்சாமத்தில் வந்து சேருவான்.

ஒரு நாள் காலையில் அலாரம் அடித்து எழுந்தேன். வாசலில் மணிமாறன் சாக்கை விரித்து, ஹெல்மெட்டைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தான். கதவைத் தட்டியிருக்கிறான், எனக்குப் போன் பண்ணியிருக்கிறான். ராத்திரியில் போனைச் சத்தமில்லாமல் வைக்க வேண்டும் என்பதும் வைத்தியத்தில் ஒன்று. எனக்கு மட்டும்தான் பண்ணியிருக்கிறான். உள்ளே படுத்திருந்த அப்பனுக்குப் பண்ணவில்லை. அத்தை நனைந்த பாயில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். என் வீட்டுக்காரர் கொல்லையிலிருந்து வந்தார்.

"கரெண்டு வந்துட்டுப் போயிட்டுக்குது. பக்கத்துக் கொல்லையில தண்ணி நிக்குது, நம்ப கொல்லை காஞ்சிக்கினு கெடக்குது. தூங்கனியா நல்லா?"

தூங்கனியா என்று என் வீட்டில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் தடவை அது.

அத்தைக்குத் துணி மாற்றிவிட்டேன். "என்னைக் கூப்ட்டு நான் எழுந்திரிக்கலன்னா, பக்கத்துல உங்க பையன் படுத்திருந்தாரே, அவரை எழுப்பக் கூடாதா அத்தை?" என்று கேட்டேன்.

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. "அவன் பகல்லாம் ஒழைச்சிட்டு அசந்து தூங்கறான். அவன எப்பிடிம்மா எழுப்பறது?"

அந்தச் சொல்லில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. அவர் தூங்கினால் அது உழைத்த களைப்பு, நான் தூங்கினால் திமிர். இத்தனை வருஷம் தூக்கம் வராமல் கிடந்ததை நான் வியாதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வியாதி இல்லை, உத்தியோகம். மணிமாறன் கைக்குழந்தையாக இருந்தபோது அழுகைக்கு முழித்தேன். பிறகு மாமனார் படுக்கையில் விழுந்தபோது முழித்தேன். பிறகு மோட்டாருக்கு, கதவுக்கு, அத்தைக்கு. யாராவது கூப்பிடுவார்கள் என்று காது கேட்டுக்கொண்டே இருந்தால் கண் எப்படி மூடும்? நான் முழித்திருந்ததால் மற்ற மூன்று பேரும் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

டீக்கடையில் என் வீட்டுக்காரர் ஒரு தமாஷ் சொல்லுவாராம். டீக்கடைக்காரர் பெண்சாதிதான் சிரித்துக்கொண்டே எனக்குச் சொன்னாள். ஊரில் பாதிப் பேர் மோட்டாருக்கு ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டிவிட்டார்கள், கரெண்டு வந்தால் அதுவாக ஓடும். நீ ஏன் மாட்டவில்லை என்று பக்கத்துக் கொல்லைக்காரன் பூவரசன் கேட்டதற்கு, "எனுக்கு எதுக்குடா ஸ்டார்ட்டரு? எங்க வூட்லயே ஒண்ணு கீது. மோட்டாரும் போடும், கதவும் தொறக்கும், சோறும் சுட வெச்சிக் குடுக்கும்" என்றாராம். கடையே சிரித்ததாம். எனக்கு எரிந்தது. இன்றைக்கு நினைத்தாலும் எரிகிறது.

அன்று சாயங்காலம் மூன்று பேரையும் வைத்துக்கொண்டு கேட்டேன். ஸ்டார்ட்டர் ஒன்று மாட்டுங்கள். மணிமாறன் கையில் வாசல் கதவுக்கு ஒரு சாவி இருக்கட்டும். அத்தைக்கு ஒரு ராத்திரி நான், ஒரு ராத்திரி நீங்கள். பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை.

"சாவிய எங்கியாவது தொலைச்சிடுவேன்மா" என்றான் மணிமாறன். கம்பெனியில் இவனை நம்பி லட்சக்கணக்கில் மெஷினைக் கொடுத்திருக்கிறார்கள்.

"ஆம்பளப் புள்ளய நான் எப்பிடி ஒண்ணுக்குக் கூட்டிக்கினு போவச் சொல்றது, அசிங்கம்" என்றார் அத்தை.

"இந்த வெள்ளாமை எடுக்கட்டும், ஸ்டார்ட்டரு பாக்கலாம்" என்றார் என் வீட்டுக்காரர். "நல்லாத்தான் இருந்தோம். இந்தப் போனு வைத்தியம் வந்து பேஜாராப் பூட்ச்சி."

அதிலிருந்து கூப்பிடுவதை விட்டுவிட்டு உலுக்க ஆரம்பித்தார்கள். அத்தை தோளைப் பிடித்து உலுக்குவார். என் வீட்டுக்காரர் படுத்தபடியே காலை நீட்டி என் காலைத் தட்டி, "ந்தா, கரெண்டு வந்துட்சி" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுப்பார். கதவுச் சத்தம் கேட்காவிட்டால் மணிமாறன் ஜன்னல் பக்கம் வந்து கம்பியில் சாவியால் தட்டுவான். வண்டிச் சாவியால். அது மட்டும் ஒரு நாளும் தொலையவில்லை. அந்த வாரத்துக்குள் என் காது பழையபடி வேலைக்குச் சேர்ந்துவிட்டது. உலுக்குவதற்கு முன்னாலேயே விழித்துக் காத்திருந்தேன்.

காலையில் போன் கேட்கும்: நேற்று எதனால் விழித்தீர்கள்? கவலை, வலி, சத்தம், சிறுநீர், மற்றவை என்று கட்டங்கள். 'கூப்பிட்டார்கள்' என்று ஒரு கட்டம் இல்லை. மற்றவை என்பதை அமுக்கி அமுக்கி அந்த இடமே தேய்ந்திருக்கும். பிரபாவதி மேடம் கூப்பிட்டபோது வாய்விட்டுச் சொன்னேன். "மேடம், எனக்குத் தூக்கம் வருது. இவங்க எழுப்பிடறாங்க."

"அம்மா, அதுக்கும் நம்ம கிட்ட ஒரு பாடம் இருக்கு. குடும்ப ஒத்துழைப்புன்னு ஒரு வீடியோ அனுப்பறேன். சாரைப் பாக்கச் சொல்லுங்க. நானும் அவர் கிட்ட பேசறேன்" என்றார். நல்ல மனுஷி. குரலிலேயே தெரியும்.

என் வீட்டுக்காரர் வீடியோவை முழுசாகப் பார்த்தார். "கரெக்டாத்தான் சொல்றான்" என்றார். பிறகு மேடம் கூப்பிட்டபோது போனை வாங்கி, நான் கேட்டே இராத ஒரு குரலில் பேசினார்.

"நாங்க குடும்பமே அவங்களுக்கு சப்போர்ட்டுங்க மேடம். பகல்ல ஒரு நிமிஷம் கண்ண மூட வுடறதில்லைங்க. எங்கம்மாவே பக்கத்துல குந்திக்கினு பாத்துக்கறாங்க. நீங்க சொன்ன டைமுக்கு முன்னாடி படுக்கவும் வுடறதில்லைங்க. அதுவரிக்கும் எதுனா வேலை குடுத்து முழிச்சிக்கினு இருக்க வெக்கறோங்க."

அத்தனையும் உண்மை. ஒரு வார்த்தை பொய் இல்லை. அதுதான் கொடுமை.

"சார், நூத்துல ஒரு ஹஸ்பெண்ட் கூட இப்படிக் கிடையாது" என்றார் மேடம்.

மாசியில் சகாய பிரியா பட்டையைச் சுற்றினாள். இந்தத் தடவை டாக்டரம்மாவிடம் ஓடவில்லை. பழைய மாத்திரையோடு இன்னொன்று சேர்த்துக் கொடுத்தார்கள். வெளியே வந்து வலது கையை ஒரு தடவை மேலே தூக்கிப் பார்த்துக்கொண்டேன்.

பங்குனியில் விழுப்புரத்துக்குக் கூப்பிட்டார்கள். போன் வைத்தியத்தில் குணமானவர்களுக்கு ஒரு கூட்டம், சாப்பாடு உண்டு, பஸ் செலவு தருவார்கள். நான் குணமாகவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். கார்த்திகையிலும் மார்கழியிலும் நான் தூங்கிய கணக்கு அவர்களிடம் ஏறியிருக்கிறது, அதன்படி நான் குணமானவள். சாருக்கும் ஒரு மரியாதை இருக்கிறது, கட்டாயம் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார் மேடம். என் வீட்டுக்காரர் வெள்ளை வேட்டியை எடுத்தார்.

பெரிய ஹால், ஏசி. திரையில் அதே கட்டில், அதே குடை விளக்கு. ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டுப் பூங்கொத்து கொடுத்தார்கள். அடுத்து, குடும்ப ஒத்துழைப்புக்காக என்று என் வீட்டுக்காரர் பெயரைச் சொன்னார்கள். மேடை ஏற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள். "என்னால முடிஞ்சதச் செஞ்சங்க" என்று மைக்கில் அடக்கமாகச் சொன்னார். கைதட்டினார்கள். நானும் தட்டினேன். பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், தட்டாமல் இருக்க முடியவில்லை.

பிரபாவதி மேடம் மைக்கை என்னிடம் கொண்டுவந்தார். நேரில் பார்க்க இன்னும் சின்னவராக இருந்தார். "சொல்லுங்கம்மா, இப்ப நல்லா தூக்கம் வருதா?"

இவ்வளவு படித்தவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், இங்கே சொல்லாவிட்டால் வேறு எங்கே சொல்வது என்று தோன்றியது. "வருது மேடம். இவங்கதான் தூங்க வுட மாட்டேங்கறாங்க" என்றேன்.

ஹாலே சிரித்தது. பொன்னாடையோடு நின்றிருந்த என் வீட்டுக்காரர் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

"சிரிக்காதீங்க, நெஜமாத்தான் சொல்றேன்" என்றேன். அதற்கு இன்னும் சிரித்தார்கள். முன்வரிசையில் ஒரு டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேடம் என் தோளை அணைத்து, "எங்க இளவரசி அம்மாவுக்கு எவ்ளோ ஹியூமர் பாருங்க" என்று மைக்கைத் திருப்பி வாங்கிக்கொண்டார். ராத்திரியெல்லாம் கூப்பிட்டால் எனக்குக் கேட்கிறது. பட்டப்பகலில் மைக் வைத்துச் சொன்னாலும் இவர்களுக்குக் கேட்கவில்லை.

சாப்பிட்டுவிட்டுச் சென்னை போகும் பஸ்ஸில் ஏறினோம். ஜன்னல் ஓரத்தில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்தார். பொன்னாடையைச் சுருட்டிக் கழுத்துக்கு அண்டை கொடுத்துக்கொண்டு, "திண்டிவனம் வந்தா எழுப்பு" என்றார். விழுப்புரத்தைத் தாண்டுவதற்குள் குறட்டை வந்துவிட்டது.

நானும் கண்ணை மூடிப் பார்த்தேன். வெயிலுக்கு இதமாகக் காற்று அடித்தது, மடியில் வேலை இல்லை, யாரும் உலுக்கவில்லை. ஆனாலும் விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்றது தெரிந்தது. கூட்டேரிப்பட்டில் இறங்கியவர்கள் யார் யார் என்றுகூடத் தெரிந்தது. கண்தான் மூடியிருந்தது.

திண்டிவனம் நெருங்கும்போது ஒரு யோசனை வந்தது. சத்தமில்லாமல் இறங்கிவிட்டால் என்ன? பஸ் இவரைச் சென்னையில் கிளாம்பாக்கம் வரை கொண்டுபோய்ச் சேர்க்கும். பொன்னாடையோடு இறங்கி முழிக்கட்டும். ஒரு நாளாவது ஒருத்தி எழுப்பாவிட்டால் என்ன ஆகும் என்று தெரியட்டும். கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தும்விட்டேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதுதான் மீதியும் தோன்றியது. கிளாம்பாக்கத்தில் இறங்கி, திட்டிக்கொண்டே பஸ் மாறி, நடுச்சாமத்தில் வீடு வந்து சேருவார். அதுவரைக்கும் கதவைத் திறக்க, சோற்றைச் சுட வைக்க, முழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கப் போவதும் நான்தான்.

குனிந்து தோளைத் தட்டி எழுப்பினேன்.